பச்சைக் கொம்பு

கிரானைட் கடைக்குள் முழங்காலளவு தண்ணீர்.
சிலுவை தை பிறந்துதான் கிடைக்கும் என்றார்கள்.
எமல்டாவைப் புதைத்த அன்றும் மழை.
பெயர் எழுதிய தகரத்தை எதில் அறைவதென்று
நான் விழித்துக்கொண்டிருக்க,
குழிவெட்டும் யேசுபாதம்
புயலில் சாய்ந்த முருங்கையிலிருந்து
இரண்டு கொம்பு ஒடித்து வந்தார்.
குறுக்கே வைத்துக் கட்டுக்கம்பி சுற்றித்
தலைமாட்டில் ஊன்றி,
"இப்போதிக்கு இது நிக்கும் சார்" என்றார்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில்
துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள்
ராத்திரி முழுக்க மதிலை உலுக்கும்.
அங்கே யாரும் நிம்மதியாய்த் தூங்குவதாய்
எனக்குத் தோன்றியதே இல்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது
தகரத்துக்குக் கீழே,
அவள் இறந்த தேதிக்கு ஒரு சாண் கீழே,
பச்சையாய் ஒரு மூக்கு.
பங்குச் சாமியார் உயிர்ப்பைப் பற்றி
நாலு வார்த்தை பேசினார்.
மைத்துனி அழுதாள்.
எனக்கு முருங்கையைத் தெரியும்.
வெட்டிப் போட்டால்
போட்ட இடத்தில் கிடந்தே துளிர்க்கிற சாதி.
எமல்டா அப்படியில்லை.
ஒரு காய்ச்சல் வந்தால் பத்து நாள் எழ மாட்டாள்.

சாம்பல் புதனன்று
நெற்றியில் போன வருஷக் குருத்தோலையின் கரியோடு
தனியாகப் போனேன்.
நெட்டுக் கொம்பு என் தோள் வரை தழைத்திருந்தது.
குறுக்குக் கொம்புக்கு மண் எட்டவில்லை;
சுக்காய்க் காய்ந்து, கம்பி நெகிழ்ந்து,
ஒரு கை இறங்கித் தொங்கியது.
தவக்காலம் பாதியில் அதுவும் விழுந்தது.
அதற்குப் பிறகு அது சிலுவை இல்லை.
மரம்.
ஆணி அறைந்த இடத்தில்
பிசின் செம்பழுப்பாய்க் கட்டியிருந்தது.
விரலை வைத்துப் பார்த்தேன்.
ஒட்டியது.

பெரிய சனிக்கிழமை
குட்டியானை வண்டியில் வைக்கோல் சுற்றி
வந்து சேர்ந்தது கிரானைட்.
"புடுங்கிடலாமா சார்?
வேரு பக்கத்துக் கல்லறைய விரிசல் உட்ரும்.
மழைக்குக் கம்பளிப்பூச்சி வேற."
வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று கேட்டேன்.
மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
இடுப்பளவு கையை வைத்துக் காட்டியவர்
என் முகத்தைப் பார்த்ததும்
கையை இறக்கிக்கொண்டார்.

கல்லை ஓரடி தள்ளி நட்டோம்.

ஒரு கொத்துக் கீரை ஒடித்து வந்தேன்.
இரவுத் திருப்பலிக்கு மணியடிக்கும் வரை
டிவிக்கு முன்னால் அவள் வைத்த முறத்தில்
உட்கார்ந்து ஆய்ந்தேன்.
காம்பு சேராமல் ஆய
அவளுக்குத்தான் தெரியும்.
விடிந்ததும் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி
டப்பாவில் எடுத்துப்போய்
யேசுபாதத்தோடு மதில் நிழலில் உட்கார்ந்தேன்.

"கசக்குதா?" என்றார்.
"கொஞ்சம்."
முதல் வாய் தொண்டையில் இறங்க நேரமானது.
இரண்டாம் வாய்க்குப்
பசி வந்திருந்தது.