துணி இல்லாமல் வருபவர்கள்

செந்தூல் சந்துமுனையில்
இருபத்துநாலு மணி நேர டோபி.
மூடத் தெரியாத கடை;
கதவே வைக்கவில்லை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
தரை துடைப்பதும் டோக்கன் மாற்றித் தருவதும் என் வேலை.

துணி இல்லாமல் வருபவர்களைக்
கண்டுகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.
உலர்த்தியின் பக்கத்து நாற்காலியைத் தேடுவார்கள்.
சுற்றும் கண்ணாடியைப் பார்த்தபடி
கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.
கேமராவில் பார்த்து முதலாளி கேட்டால்
"அவங்க துணி இன்னும் காயலை" என்பேன்.
ஈரமான ஊர். நம்பிவிடுவார்.

பவளராணி வந்தது மழையில்லாத ஒரு செவ்வாய்.
இரண்டு பிள்ளைகள், பள்ளிப் பைகள், அரிசி குக்கர்,
ஒரு மின்விசிறியின் தலை மட்டும்.
தண்டு எங்கே என்று கேட்டேன்,
கேட்பதற்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.
உள்ளே மாட்டிக்கொண்டது என்றாள்.
பூட்டை மாற்றியிருந்தார்கள்.
மூன்று மாத வாடகை, ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி.
தொழிற்சாலை அவளுக்கு வைத்த பாக்கி
அதைவிட அதிகம்.

மாமாக் கடை நைனார் முகமது
மூன்று ரொட்டியும் ஒரு பொய்யும் கொண்டுவந்தான்:
"ஆர்டர் தப்பாப் போட்டுட்டாங்க, அக்கா."
எதிர் டயர்க்கடை ஆ கியோங்
ஸ்டோர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப்
பேசாமல் போனான்.
பெரியவனின் கணக்குப் புத்தகத்தில்
இன்றைக்கும் ரப்பர் வாசம்.

காலையில் சமூகநல அலுவலகம்.
பாரத்தில் பெயர் எழுதினாள். ஐசி எண் எழுதினாள்.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.
முகவரி.
வீடில்லை என்று வந்தவளிடம்
வீடு எங்கே என்று கேட்டது காகிதம்.
முகப்பில் இருந்த பெண் கெட்டவள் இல்லை.
"காலியா விட்டா கணினி ஏத்துக்காது, காக்" என்று
மலாயில் மெல்லச் சொன்னாள்,
ஏதோ அவளே அந்தக் கட்டத்தைப் போட்டதுபோல்.

பேனாவை வாங்கி என் முகவரியை எழுதினேன்.
மூன்றாம் மாடி, ஏழாம் எண், வாடகை அறை.
யோசித்துச் செய்ததில்லை.
விழும் டம்ளரைக் கை பிடிக்குமே, அப்படி.

பிறகு பேச்சு பரவிவிட்டது.
கண் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் தேவசகாயம்,
காரிலேயே படுக்கும் கிராப் ஓட்டுநர் முகிலன்,
புருஷன் கையை விட்டு வெளியே வந்த சியூ லான்,
இன்னும் பெயர் சரியாக உச்சரிக்கத் தெரியாத சிலர்,
எல்லாரும் என் அறையில்தான் குடியிருக்கிறார்கள்,
காகிதத்தில்.
ஒருவருக்குச் சமையல்; ஒன்பது பேருக்குக் கடிதம்.
தபால்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்:
"உள்ளே எத்தனை பேர், அக்கா?"
"எண்ணலை" என்றேன்.
ஹெல்மெட்டுக்குள் சிரித்தாரா, தெரியவில்லை.

பவளராணியின் கடிதம் வர பதினோரு மாதம்.
பத்து மூடாவில் மக்கள் வீடு, பதினான்காம் மாடி.
லிப்ட் பாதி நாள் ஓடாதாம்.
"ஏறலாம்" என்றாள், அவ்வளவுதான்.
மின்விசிறித் தலையை மறந்துவிட்டுப் போனாள்.
இல்லை, விட்டுவிட்டுப் போனாள்.
அடுத்த வாரம் முதலாளி
ஒரு தண்டு வாங்கிவந்து மாட்டினார்,
யாருடையது என்று கேட்கவில்லை.
அப்போதுதான் புரிந்தது,
துணி காயாத கதையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

நேற்றுப் பெட்டியில் ஏழு கடிதம்.
ஆறை ரப்பர் வளையத்தில் போட்டேன்.
ஏழாவது என் பெயருக்கு; உறையில் சிவப்பு முத்திரை.
கட்டடத்தை விற்றுவிட்டார்களாம்.
முப்பது நாள்.
எங்கள் எல்லாருக்கும் சேர்த்து முப்பது நாள்.

மணி மூன்று.
உலர்த்தியின் பக்கத்தில் யாரோ ஒரு பையன்,
மடியில் துணி இல்லை.
விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டுத்
தரை துடைக்கிறேன்.
பவளராணிக்கு இன்னும் சொல்லவில்லை.
ஆனாலும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிப் பார்க்கிறது:
பத்து மூடா, பதினான்காம் மாடி, எண் ஒன்பது.
பத்து மூடா, பதினான்காம் மாடி.