ஆறிய ரொட்டி

ஸரேச்சின்ஸ்க் நகர உணவுக் குழுவில்
கணப்பிலிருந்து நான்காவது மேசை என்னுடையது.
மை உறைந்துபோகும்.
மூச்சு விட்டு இளக்கித்தான் எழுத வேண்டும்:
வரவு, ரை, முந்நூற்றுப் பன்னிரண்டு பூட்.
தலைக்கு முக்கால் பவுண்டு ரொட்டி.
தலைகள் ஒன்பதாயிரத்துச் சொச்சம்,
அதற்கு மேல் மருத்துவமனை ரயில் இறக்கிவிட்டுப் போனவை.
அவற்றில் சிலவற்றுக்குக் கால் இல்லை.
வயிறு எல்லாவற்றுக்கும் உண்டு.
இரண்டு நாள் வரும். இழுத்தால் இரண்டரை.

போரின் மூன்றாவது குளிர்காலம்.
உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டியில் போய்
கிராமம் கிராமமாகக் கேட்டேன்.
உஸ்தீன்யா களஞ்சியச் சாவியை
இடுப்பில் செருகியபடி நின்றாள்.
"என் தானியத்துக்கு நீங்களே விலை எழுதினீர்கள்.
ஆணிக்கு யார் எழுதியது? மண்ணெண்ணெய்க்கு?
குதிரையைப் பட்டாளம் கொண்டுபோயிற்று.
மூட்டையை யார் இழுப்பது, உங்கள் முத்திரையா?"
அடுத்த முறை ஆணி கொண்டுவருகிறேன் என்றேன்.
நகரத்தில் ஆணி கிடையாது.
அது அவளுக்கும் தெரியும்.
பதினொரு மூட்டை அளந்து போட்டாள்.
ஏன் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரியில்
தையல்காரி மெலானியா தன் பங்கு ரொட்டியை
மருந்துக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள்.
எழுபத்திரண்டு ஜலத்னிக் இருக்க வேண்டியது
அறுபத்தெட்டு இருந்தது.
இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.
ரொட்டிக்காரன் நிகானோரின் சன்னலில் ஒரு கல்.
மறுநாள் இரண்டு.

நிகானோரை யோக்கியன் என்று சொல்ல மாட்டேன்.
போன வருஷம் மாவில் உமி கலந்ததற்கு
நானே அபராதம் எழுதியிருக்கிறேன்.
ஆனாலும் இந்த நான்கு ஜலத்னிக்
அவன் கணக்கில் சேராது என்று தோன்றியது.

வரிசையில் நின்றவர்களில் ஆறு பேரை அழைத்தேன்.
மெலானியா, ஒரு கைத்தடிச் சிப்பாய்,
சண்டைக்கென்றே வந்த இரண்டு சலவைக்காரிகள்,
மற்ற இருவர் பெயர் நினைவில்லை.
அடுப்பிலிருந்து ஒரு முழு ரொட்டி எடுத்து
தராசில் வைத்தோம். எடைக்கற்களை நானே வைத்தேன்.
விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது.

உட்கார்ந்திருந்தோம்.
யாரோ ஒருவரின் குடல் முனகியது,
ஒருவரும் சிரிக்கவில்லை.
இரண்டு மணி அளவில்
ரொட்டி இருந்த தட்டு மயிரிழை எழும்பியது.
நான்கு மணிக்கு நன்றாகவே தெரிந்தது.
"தின்றது யார்?" என்றான் சிப்பாய்.
சன்னலைக் காட்டினேன்.
கல் தப்பவிட்ட ஒரே கண்ணாடி,
உள்பக்கம் முழுக்க நீர் வழிந்துகொண்டிருந்தது.
மெலானியா எழுந்துபோய்
விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.
"ஒரு ருசியும் இல்லை" என்றாள்.

தீர்மானம் எளிதாக நிறைவேறியது:
இனி ஆறிய ரொட்டியைத்தான் நிறுக்க வேண்டும்.
சுட்டது ஒரு நாள் அலமாரியில் கிடக்கட்டும்.
கைகளை உயர்த்தினார்கள்,
தொப்பிகளை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.
பாதி எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது:
இன்று சுடுவது நாளைக்கு என்றால்
நடுவே ஒரு நாள்
நகரம் எதைத் தின்னும்?

அந்த நாளை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.
ரயில் வரும் நாள் கூடாது. சம்பள நாள் கூடாது.
நோன்பு நாளில் வைத்துவிடலாமே என்றார் செயலாளர்.
நோன்பில் விலக்கியதெல்லாம்
ஏற்கெனவே இல்லை ஐயா, என்றேன்,
மிச்சம் இருப்பது ரொட்டி ஒன்றுதான்.
புதன்கிழமை என்று எழுதப் போனேன்.
மை உறைந்திருந்தது.
நெடுநேரம் மூச்சு விட்டேன்.

புதன்கிழமை
நிகானோரின் அடுப்பு வழக்கம்போல் எரிந்தது.
அலமாரிக்கு முன்னால் இரண்டு துப்பாக்கிகள்.
உடைந்த சன்னல்களில் அட்டை ஒட்டியிருந்தான்,
அதையும் தாண்டி
வாசனை வெளியே வந்து
சந்தைத் தெரு, தோல்பட்டறைத் தெரு,
ஆற்றங்கரைவரை போயிற்று.
கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு
சனங்கள் சும்மா நின்றார்கள்.
அதற்கு ஓர் ஆணை எழுத எனக்குத் தெரியவில்லை.
வீட்டுக்கு வேறு வழியும் இல்லை.
அந்தத் தெரு வழியாகத்தான் நடந்தேன்.