ஐம்பத்து நான்கு லிட்டர்

ஒஸ்த்ராவாவில் ட்ராம் திரும்பும் முனையில் என் கடை.
சனிக்கிழமை காலை வந்தான் ரதோவான்,
இரும்பாலையில் கிரேன் ஓட்டுபவன்,
தொப்பியில் இன்னும் உருகாத பனி.

எல்லாவற்றிலும் ஒன்று கொடு என்றான்
மிட்டாய் வாங்க வந்தவன் போல.
அந்தச் சிவப்பில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று,
அதோ, மீசை வைத்ததில் ஒன்று.

தொட்டி எவ்வளவு?
கைகளை விரித்தான். கொஞ்சம் குறைத்தான்.
ஐம்பத்து நான்கு லிட்டர்.

நியான் எட்டுக்குக் குறைந்தால்
செடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்,
செடி மட்டும்தான் வாங்கினோமா என்று நீயே குழம்புவாய்.
மீசைக்காரருக்கு ஆறு பேர் துணை வேண்டும், அடியில் மணல் வேண்டும்.
ஏஞ்சல் இன்று ஐந்து கொருனா நாணயம்,
வருடம் திரும்பினால் உள்ளங்கை,
அப்போது நியான் அதற்கு ஒரு கவளம்.

அப்புறம்
எந்த வியாபாரியும் சொல்ல விரும்பாததைச் சொன்னேன்:
இன்றைக்கு மீன் கிடையாது.
தண்ணீரை ஓடவிடு. நாலு வாரம்.
தினம் ஒரு சிட்டிகை தீனி போடு.

யாருமில்லாத தண்ணீருக்கா?

யாருமில்லை என்று யார் சொன்னது,
கண்ணுக்குத் தெரியாததுகள் முதலில் குடியேறட்டும்.
அதுகள் இல்லாத தொட்டியில் மீன்
தன் மூத்திரத்திலேயே மூச்சு முட்டிச் சாகும்.

முகம் தொங்கிப்போனது அவனுக்கு.
வெறுங்கையோடு போகக் கூடாதென்று
வாலிஸ்நேரியா ஒரு கட்டு வாங்கினான்,
அதற்கும் பேரம் பேசி.

பிறகு சனிதோறும் ஒரு ஜாடியில்
தன் தண்ணீரோடு வந்தான்.
முதல் வாரம் அதில் வெள்ளரி ஊறுகாய் வாசம்.
வினிகரை அளக்க என்னிடம் மருந்தில்லை, வேறு ஜாடி கொண்டுவா.
இரண்டாம் வாரம் சொட்டு விட்டேன்,
பச்சை ஏறியது. அம்மோனியா.
மூன்றாம் வாரம் ஊதா.
இருவரும் குனிந்து பார்த்தோம்,
ஒரு குழாயில் இரண்டு மூக்கு.

நாலாம் வாரம் ஆளைக் காணோம்.
பாதிப் பேர் இந்த இடத்தில்தான் உதிர்வார்கள்;
அந்தத் தொட்டிகளில் பிறகு வெங்காயம் கிடக்கும்.

ஐந்தாம் வாரம் வந்தான்.
அதுவும் இல்லை, இதுவும் இல்லை, தண்ணீர் தயார்.
வலையைக் கையில் எடுத்தேன். சொல், நியான் எட்டா?

ஒரு நத்தை இருக்கிறது, என்றான்.

செடியோடு வந்திருக்கிறது. மிளகளவு.
இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இடது கண்ணாடியில்,
திரும்பி வந்தால் வலதில்.
அது ஒரு முழு இரவு நடக்கிறது, ஸ்லாவ்கா.
எந்த மீன் அதைத் தின்னாது?

இருபத்தோரு வருடமாக
நத்தையைக் கொல்ல என்ன வழி என்று வருபவர்களுக்கு
கூச்சமில்லாமல் லோச் விற்றவள் நான்.
வலையைக் கீழே வைத்தேன்.

மறுபடி முதல் தொட்டியிலிருந்து தொடங்கினோம்,
இந்த முறை நிறம் பார்க்காமல்
வாய் பார்த்து.
பார்ப்: கடித்து இழுக்கும் வாய்.
ஃபைட்டர்: நத்தை கொம்பை நீட்டினால் புழுவென்று கொத்தும்.
கௌராமி பாதகமில்லை, ஆனாலும் அவன் நம்பவில்லை.
கீழ் வரிசை மூலையில்
யாரும் குனிந்து பார்க்காத தொட்டியில் எம்பர் டெட்ரா,
கடுகு நுழைய யோசிக்கும் வாய்.

உலைக்குள் பார்க்கிற நிறம், என்றான்,
அணைக்கப் போகும்போது.

பத்து. இந்த முறை பேரம் இல்லை.
பையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டு
ட்ராமில் உட்காராமலே போனான்.

அடுத்த சனி, கடை திறக்கும் முன் கதவருகில் நின்றான்.
கண்ணாடியில் கஞ்சி தெறித்தது போல் ஒன்று,
உள்ளே புள்ளி புள்ளியாக.
இருபத்து மூன்று எண்ணினேன்.
இருந்தது ஒன்றே ஒன்றுதானே?

அதற்கு ஒன்று போதும், என்றேன்.

ஐம்பத்து நான்கு லிட்டர் போதுமா?

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கண் மட்டும் தானாக லோச் தொட்டிப் பக்கம் போனது.
அவன் அதைப் பார்த்துவிட்டான்.
இரண்டடி நகர்ந்து
தொட்டிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றான்,
தொப்பியைக் கழற்றாமல்.