மூன்றாம் மெய்ப்பு

திருவல்லிக்கேணி, எல்லிஸ் சாலைக்குப் பின்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
பிப்ரவரி வந்தால் எனக்கு ஆண்டுமலர் வேலை.
பதினோரு பள்ளிக்கூடங்கள்.
எல்லா மலரிலும் முதல் பக்கம் குத்துவிளக்கு,
கடைசிப் பக்கம் நகைக்கடை.
நடுவில் பிள்ளைகள்.

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
தட்டச்சும்போது நான் படிப்பதில்லை,
கண்ணிலிருந்து விரலுக்கு நேர்வழி.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

    கணக்குப் பரிச்ச அன்னிக்குத்தான்
    எங்க வூட்ட இடிச்சாங்க.
    கூட்டிக் கழிச்சுப் பாத்தேன்.
    மீதி ஒரு பீரோ.
    அதுக்கும் கதவு இல்ல.

பா. நிரோஷா, ஒன்பதாம் வகுப்பு, ஈ பிரிவு.

முதல் மெய்ப்பு சிவப்பு மையோடு திரும்பியது,
அழகான சாய்வெழுத்தில்:
‘கொச்சை நீக்குக.’
வூடு வீடானது.
பரிச்ச, தேர்வு.
இடிச்சாங்க, இடித்தனர்.
படித்துப் பார்த்தேன்.
வீடு கொஞ்சம் தூரத்தில் இடிந்த மாதிரி இருந்தது,
வேறு யாருடையதோ போல.

இரண்டாம் மெய்ப்பில் பச்சை மை.
பச்சை என்றால் தலைமையாசிரியை.
‘இடித்தனர் வேண்டாம்.
யார் என்ற கேள்வி வரும்.
இடம் மாறினோம் எனப் போடவும்.’
ஓரத்தில் பொடியாக,
‘விழாவுக்குக் கவுன்சிலர் வருகிறார்.’

அடுத்த திருத்தத்தில் பீரோவும் போனது.
தலைப்பு: எங்கள் புதிய இல்லம்.
எட்டாவது மாடி, நல்ல காற்று,
ஜன்னலில் வந்து உட்காரும் மேகம்,
எல்லாம் யாரோ எழுதிச் சேர்த்தது.
மேகம் நன்றாகத்தான் இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
நாலு வரி குறைந்ததில் கீழே வெற்றிடம்.
‘மயில் படம் வைக்கவும்.’
வைத்தேன்.
அழிப்பதற்குத் தனிக் கூலி இல்லை.

மூன்றாம் மெய்ப்பில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி
கொண்டுவந்து கொடுத்தது
இரண்டு பிள்ளைகள், மலர்க்குழுவாம்.
ஒருத்தி கீழே லெமன் சோடா குடிக்கப் போனாள்.
மற்றவள் உறையைப் பிரித்து
நேராக நாற்பத்தொன்றைத் திருப்பினாள்.

மின்விசிறி தாளைத் தூக்கியது.
உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு படித்தாள்,
இரண்டு தடவை.

‘அக்கா, பேர எடுத்துடுங்க.’
‘ஏம்மா?’
‘இது நான் எழுதல.’

இத்தனை சிவப்பிலும் பச்சையிலும்
எழுதியவள் கேட்ட ஒரே நீக்கம் அது.
‘சைன் ஆயிடுச்சு கண்ணு,
புள்ளி எடுக்கணும்னாலும் உங்க மேடத்த கேக்கணும்’ என்றேன்.
அந்தக் குரல் என்னுடையதுதான்.

‘மொதமொதல்ல அடிச்சது இருக்கா?’

கழிவுத் தாள் கட்டை அவிழ்த்துத் தேடினேன்.
கிடைத்தது. பின்பக்கம்
முதலாளி ரஹ்மதுல்லா பாய் எழுதிய கணக்கு:
டீ ஆறு, சமோசா நாலு, பாக்கி இருபது.
அவள் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விட்டுவிட்டாள்.
எட்டாக மடித்து
ஜியாமெட்ரி பாக்ஸில், பாகைமானிக்கு அடியில் வைத்தாள்.
‘பெரும்பாக்கம் பஸ் போயிடும்க்கா.’
மரப்படியில் தடதடவென்று இறங்கினாள்.

மலர் போன வாரம் வந்தது.
வழவழ தாள், நாலு வண்ணம்.
தோகையின் நுனி அவள் பெயரைத் தொடாமல்
அரை அங்குலம் தள்ளி வைத்திருக்கிறேன்.
என்னால் முடிந்தது அவ்வளவு.

நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஒரே மெய்ப்பில் தேறியது
மயில் மட்டும்.