மினிட்ஸ் நோட்டில் வராதவை

கருங்கல் வியாபாரிகள் சங்கத்தின் டிசம்பர் கூட்டம்
இரவு எட்டு மணிக்கு என்று
நோட்டீஸில் போட்டவன் நான், செயலாளர்.
ஷட்டரை இழுத்து, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை
ஆட்டிப் பார்த்து
எல்லோரும் வந்து சேர எட்டே முக்கால்.
கரண்ட் ஏழு மணிக்கே போயிருந்தது.
டென்னிஸ் தன் பேக்கரியிலிருந்து
எமர்ஜென்சி லைட் ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
அந்த வெளிச்சத்தில்
ஆளுக்குப் பாதி முகம்தான் கூட்டத்துக்கு வந்திருந்தது.

தலைவர் உரை:
நாலு நாளாய் மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை.
வெட்டில்லாமல் ஷீட் இல்லை, ஷீட் இல்லாமல் பைசா இல்லை,
பைசா இல்லாமல்
கிறிஸ்துமஸ் மட்டும் தேதி மாறாமல் வருது வோய்.

பொருள் ஒன்று.
பஸ் ஸ்டாண்டிலிருந்து சர்ச் முக்கு வரை சீரியல் லைட்.
போன வருஷத்து லைட்டுக்கே
மூவாயிரத்து இருநூறு பாக்கி கிடக்கு என்று
மைக்செட் ராஜையன்
இருட்டில் எங்கிருந்தோ சொன்னார்.
யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பொருள் இரண்டு, கூப்பன் குலுக்கல்.
சென்றமுறை வாஷிங் மெஷின் விழுந்தது
தலைவரின் மச்சினிக்கு.
அதைப் பற்றி இருபது நிமிடம்.
நான் எழுதியது: 'விவாதிக்கப்பட்டது.'

பொருள் மூன்று
ஒரு வெள்ளைத்தாள்.
உறுப்பினர் விண்ணப்பம். பெயர் அ. ஷைனி கிரேஸ்.
தொழில், பார்சல் வினியோகக் கிளை.
சந்தா முந்நூறு ரூபாய்
மழையில் நனைந்து தாளோடு ஒட்டியிருந்தது.

"கோழிக்கூட்டுல கீரிக்கு ரூம் போட்டுக் குடுக்கணுமா?"
ஜவுளிக்கடை மரியசூசை எழுந்துவிட்டார்.
"நம்ம கல்லாவைத் தூக்கிப் பைக்குல வச்சிட்டுப் போற பயலுவ"
என்றார் செருப்புக்கடை மைதீன் பிச்சை.
மருந்துக்கடை சுகுமாரன் மாலை போட்டிருந்தார்,
கோபப்படக் கூடாத மண்டலம்;
சொல்ல வேண்டியதைப் பக்கத்துக்காரர் காதில் சொல்லி
அவரைக் கோபப்பட வைத்தார்.

ஷைனி வாசலில்தான் நின்றிருந்தாள்.
ரெயின்கோட், கையில் ஒரு சாக்கு.
எவ்வளவு நேரமாய் என்று தெரியாது.
உள்ளே வந்து சாக்கை மேசையில் கவிழ்த்தாள்.
"டெலிவரிக்குப் பையன் வந்தா, கடையில ஆளிருக்கு
பிறகு வான்னு அனுப்பிடுறீங்க.
இன்னையோட ஏழு நாள்.
எடுக்கலேன்னா சரக்கு திரும்பிப் போவும்."

எமர்ஜென்சி லைட்டுக்குக் கீழே
பெயர்கள் மல்லாந்து கிடந்தன.
மரியசூசைக்கு மூன்று சட்டை, சூரத்திலிருந்து.
மைதீன் பிச்சை, எட்டாம் நம்பர் ஷூ.
ஒன்றில் என் பெயர் இருந்தது.
பாத்திரக்கடை நடத்துகிறவன் நான்;
என் மொத்த விலையைவிட இருநூறு குறைவு அந்த வாணலி.
மினிட்ஸ் நோட்டை மெல்ல நகர்த்தி
அதன்மேல் வைத்தேன்.

அவள் எந்தப் பெயரையும் வாசிக்கவில்லை.
"ஓடிபி மட்டும் சொல்லிட்டா நான் போயிருவேன்."

சட்டைப் பைகளில் கைகள்.
ஆறேழு செல்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய
அன்றைக்கு முதன்முறையாக
எல்லோர் முகமும் முழுசாகத் தெரிந்தது.
நாலு இலக்கங்களை
ஜெபம் போல முணுமுணுத்தோம்.

யாரோ சிரித்தார்கள். டென்னிஸாகத்தான் இருக்கும்,
அவருக்கு மட்டும் பார்சல் இல்லை.
ருசி பார்க்க என்று வைத்திருந்த பிளம் கேக்கை
அப்போதுதான் வெட்டினார்.
ஷைனி ஒரு துண்டைப் பேப்பரில் மடித்துக்கொண்டாள்,
சந்துக்குள் வண்டியோடு நிற்கிற பையனுக்கு.

நான் எழுதியது:
'உறுப்பினர் விண்ணப்பம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.
சீரியல் லைட் கட்டும் வேலைக்கு
மேற்படியார் ஐந்து பையன்களை அனுப்ப இசைந்தார்.
எந்தப் போஸ்டில் ஷாக் அடிக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும்
அவர்களுக்குத்தான் தெரியும்.'
கடைசி வரியைத் தலைவர் அடிக்கச் சொன்னார்.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
அவரவர் பார்சலை வேட்டி மடிப்பில், குடைக்குள்,
நான் நோட்டுக்கு அடியில்.

ராஜையன் இன்னும் உட்கார்ந்திருந்தார்.
'பாக்கி விஷயம் அடுத்த கூட்டத்துக்கு' என்று எழுதி
விளக்கை அணைத்தேன்.