ஐந்து விநாடி

ஊசியும் சுமையும் சேர்த்து நூறு கிராம்.
தொட்டித் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி.
விட்டுவிட்டு ஐந்து எண்ணு, பிடி.
இறங்கிய ஆழம்தான் விடை.

சூசமிர் சமவெளியில், தகரப்பெட்டி ஆய்வகத்தில்,
அனார்குலுக்கு ஐம்பத்தெட்டு வந்தது.
கேட்டிருந்தது தொண்ணூறுக்குக் குறையாமல்.
ஊசியைத் துடைத்தாள். இன்னொரு கிண்ணம்: ஐம்பத்தேழு.
இன்னொன்று.
ஐம்பத்தெட்டு.

தார் என்று சொல்லிவிடுகிறோம்.
நிலக்கரியை வாட்டி வடிப்பது தார்.
இது கச்சா எண்ணெயின் கடைசி மண்டி;
பெட்ரோலும் டீசலும் ஏறிப்போன பின்
எந்தச் சூட்டுக்கும் ஆவியாக மாட்டேன் என்று
அடியில் தங்கிவிட்டது.
அதற்குள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு:
அஸ்ஃபால்டீன் என்னும் கனத்த கருந்துணுக்குகள்,
அவை மிதக்க எண்ணெய்,
நடுவே பிசின், இருவர் கையையும் பிடித்தபடி.
எண்ணெய் குறைந்தால்
துணுக்குகள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொள்கின்றன.
அளவு மீறிய அந்த நெருக்கத்துக்குத்தான்
குளிர் வந்தபின் விரிசல் என்று பேர்.

"டேங்கர் எங்கே நின்றது?"
டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.
ரயிலடியில் மூன்று இரவு,
உறைந்துவிடுமே என்று பர்னரை அணைக்கவே இல்லையாம்.

மெதர்பெக் வந்தான், பூட்ஸ் முழுக்கச் சரளைத்தூள்.
கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தான்.
"கறுப்பாகத்தானே இருக்கிறது?
நாளை மறுநாள் பனி. நாலு கிலோமீட்டர்தான் பாக்கி."
கறுப்பாகத்தான் இருந்தது.
அதன் பளபளப்பில் அவன் முகம்கூடத் தெரிந்தது.
ஜனவரியில் இங்கே மைனஸ் முப்பத்தைந்து.

நிலக்கீல் என்று ஒரு சொல் இருக்கிறது தமிழில்.
கீல் என்றால் மூட்டும்தான்.
மடங்க மறந்த மூட்டு என்ன ஆகும்?
அவளுக்கு இந்தச் சொல் தெரியாது.
ஐம்பத்தெட்டு என்று மையால் எழுதினாள்,
பென்சில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும்.

டேங்கர் திரும்பிப் போனது.
பனி, சொன்ன நாளைக்கு முந்தியே வந்தது.
நாலு கிலோமீட்டரும் குளிர்காலம் முழுக்கச்
சரளையாகவே கிடந்தது.
ஒட்டகக் கணவாய் தாண்டி வரும் லாரிக்காரர்கள்
அந்த இடம் வந்ததும் ஒரே வசையைச் சொன்னார்கள்.
அதற்கு முன்னால் முப்பது கிலோமீட்டர்
வழவழவென்று வந்ததை யாரும் சொல்லவில்லை.
வராத விரிசலை
வண்டி நிறுத்தி யார் பார்ப்பார்கள்?

மார்ச்சில் அவள் கணவன் துராத்தின் லாரி
சரியாக அங்கேதான் வில்பட்டை ஒடிந்தது.
முற்றத்து உறைபனியில் மல்லாந்து படுத்து,
வண்டிக்கடியிலிருந்து கேட்டான்:
"எந்தப் புண்ணியவான் இந்த ரோட்டைப் பாதியில் நிறுத்தினான்?"

வீட்டில் அவள் சொல்லியிருக்கவில்லை.
எத்தனை மண்ணெண்ணெய்க்கும் போகாத கறுப்பு
நகக்கண்ணில் இருக்க,
நீண்டு வந்த அவன் கையில்
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை வைத்தாள்.