ஐந்து வோல்ட்

மெஸ்தியாவுக்கு வரும் மின்கம்பியைப் பனிச்சரிவு அறுத்து
இன்றோடு நாலு நாள்.
இந்தத் தெருவில் ஜெனரேட்டர் இருப்பது என் வீட்டில்தான்.
பெட்ரோல், சிக்கனமாக ஊற்றினால், இரவுக்கு இரண்டு மணி நேரம்.
ஆறு மணிக்குக் கயிற்றை இழுத்துக் கிளப்பினேன்.
ஆறு ஐந்துக்குக் கதவைத் தட்டினார்கள்.
அதன்பின் கதவைச் சாத்தவே முடியவில்லை.

பூட்ஸ் உதறி உதறிச் சமையலறை முழுக்கச் சேறு.
மேசைமேல் ரொட்டியைத் தள்ளிவிட்டு
என் மகனின் மடிக்கணினி சார்ஜரை வைத்தேன்.
கறுப்பு, கனம், செங்கல் மாதிரி.
நாலு வாய்.

சியூரி தன் காதுக்கருவிகளின் டப்பியை
முட்டையைப் போல உள்ளங்கையில் மூடியிருந்தாள்.
"அறுபத்தைந்து வாட் என்று போட்டிருக்கே நார்கிஸா.
இது பட்டாணி அளவு.
வெடித்துவிடாதா?"

நான் படித்தவள் இல்லை, மினிபஸ் ஓட்டுகிறவள்.
சுக்தீதி போய்த் திரும்பும் வளைவுகளில்
ஊரே என் டாஷ்போர்டில்தான் சொருகும்.
பார்த்துப் பார்த்துக் கற்றதைச் சொன்னேன்:

முதலில் வருவது வெறும் ஐந்து வோல்ட், சியூரி.
அதற்குமேல் வேண்டுமானால்
சொருகிய சாமான் வாய்திறந்து கேட்க வேண்டும்.
கேட்டது எதுவோ அதைத் தருவான் இந்தத் தடியன்.
ஆம்பியரும் அப்படித்தான், உறிஞ்சுகிறவர் உறிஞ்சும் அளவு.
அறுபத்தைந்து என்பது அவன் கையிருப்பு.
விருந்தில் பானை நிறைய இருக்கிறதென்று
உன் வயிறு வெடிக்குமா?

சொல்லி முடித்தபின்தான் உறைத்தது,
கருவி இரண்டும் டப்பிக்குள்.
அவளுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது.
என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு சொருகினாள்.
பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம்.

அப்புறம் பயம் போய்ப் பந்தி ஆனது.
பிள்ளைகளின் டேப்லெட், சாலைக்காரர்களின் வாக்கி டாக்கி,
யாரோ ஒருவரின் சவரக் கருவி
(நாலு நாள் தாடியோடு இவருக்கு இப்போதுதானா அவசரம்).

கோச்சா மட்டும் சொந்தச் சார்ஜரோடு வந்தான்.
வெள்ளை. சந்தையில் இரண்டு ரொட்டி விலை.
கையில் வாங்கினேன், காலித் தீப்பெட்டி போல எடையே இல்லை.
ஆனால் மேலே நூறு வாட் என்று கொட்டை எழுத்து.
பலகையில் மாட்டியதும்
அவன் போனின் உலோக விளிம்பு என் விரலைச் சுரண்டியது.
உள்ளே சுவர்ப்பக்கத்து மின்சாரத்துக்கும்
விரல்பக்கத்து மின்சாரத்துக்கும் நடுவே
ஒரு காகிதம்தான் இருக்கும் போல.
எண் பெரிதோ சிறிதோ போகட்டும்,
பொய் எண்தான் கொல்லும்.
பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.
கோச்சா முறைத்தான். முறைக்கட்டும்.

கதவோரம் வகுஷ்டி.
எங்களுக்குள் வேலித் தகராறு, பதினோரு வருஷம் பேச்சில்லை.
வந்தவர் கேட்கவும் இல்லை, போகவும் இல்லை.
கையில் ஒரு நெற்றி டார்ச்.
நானே வாங்கித் தடியனில் சொருகினேன்.
ஒன்றுமில்லை.
கேபிளைத் திருப்பினேன், வாயை மாற்றினேன்.
"செத்துப்போச்சு" என்றார்கள் நாலைந்து பேர்.

சாகவில்லை.
அதைச் செய்தவன் எள் அளவு மின்தடை இரண்டை
மிச்சம் பிடித்திருக்கிறான்.
'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல
அதற்கு நாக்கு இல்லை.
கேட்காத வாய்க்குச் சொட்டும் ஊற்றமாட்டான் தடியன்,
அவ்வளவு ஒழுங்கு அவனுக்கு.
அழுத பிள்ளைக்குப் பால், சரி.
அழத் தெரியாமல் பிறந்ததை என்ன செய்வது?

கரண்டி டிராயரைக் குடைந்தேன்.
ரப்பர் வளையங்கள், பிஸ்டன் ரிங், ஒரு பால்பல்,
அடியில் மஞ்சளேறிய தட்டைவாய்ச் சார்ஜர்.
ஒரு ஆம்பியர். யார் எவர் என்று விசாரிக்காத ஜாதி,
வாய் கண்டால் ஊற்றும்.
சொருகினேன்.
டார்ச்சின் ஓரத்தில் சிவப்பு துளிர்த்தது.
வகுஷ்டி தொப்பியைக் கழற்றி
மறுபடியும் போட்டுக்கொண்டார்.

எட்டு மணிக்கு ஜெனரேட்டர் இருமி அடங்கியது.
படியெல்லாம் கண்ணாடிப் பனி.
அவர்தான் கீழே நின்று நெற்றி வெளிச்சத்தில்
ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்,
காதில் கருவி மாட்டிய சியூரியைக் கடைசியாக.
பிறகு அணைத்துவிட்டார். சார்ஜை மிச்சம் பிடிக்கிறாராம்.

"நாளைக்கும் ஆறு மணி. அதே மஞ்சள் சார்ஜர்" என்றேன்.
தலையாட்டினாரா தெரியாது.
இருட்டு.